வெக்கைப் பதிவேடு

ஆக்லாந்து நகரின் தெற்கே, மனுகாவில் அந்தக் கட்டிடத்தின் ஐந்தாம் மாடியில் பதினெட்டு ஜன்னல்கள் இருந்தன. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் திறக்கும், அதுவும் நாலு விரல் அகலத்துக்கு. மற்றப் பதினேழும் திறக்க முடியாதபடியே செய்யப்பட்டவை. கட்டியவர்கள் ஒன்றை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. மறந்திருப்பார்கள். அந்த மறதி எப்படித் திருத்தப்பட்டது என்பதுதான் இந்தக் கதை.

அந்த ஜன்னலுக்குப் பக்கத்து மேசை சாந்தகுமாரியுடையது. வயது ஐம்பத்தொன்று, ஊர் யாழ்ப்பாணம், வீடு மவுண்ட் ஆல்பர்ட். பதிவேடுகள் ஒருமைப்பாட்டு ஆணையத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை. ஆணையம் என்ன செய்கிறது என்று கேட்டால், மற்ற அலுவலகங்களின் பதிவேடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறது. ஒத்துப்போகாவிட்டால் அந்தச் செய்தியை ஒரு பதிவேட்டில் பதிகிறது. அதற்கு மேல் எதுவும் செய்ய அதற்கு அதிகாரம் இல்லை. முன்னூறு பேர் இதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

மே மாதத்தில் சாந்தகுமாரிக்கு வெக்கை வரத் தொடங்கியது. மாதவிலக்கு நின்றும் நிற்காமலும் ஒரு வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்த காலம். நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்துக்கு ஏறும், முகம் சிவக்கும், முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடம். பிறகு குளிரும். நாளுக்கு எட்டுத் தரம். அந்த நேரங்களில் அவள் எழும்பிப் போய் ஜன்னலைத் தள்ளி, அந்த நாலு விரல் இடைவெளியில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். ஆக்லாந்தில் மே மாதம் குளிர் தொடங்கும் காலம்; அந்தக் காற்று வந்து கழுத்தில் படும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இந்தக் கதையில் அவள் கேட்டதெல்லாம் இந்த ஒன்றைத்தான் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கதையில் வேறு யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

குடும்ப வைத்தியர் ஹார்மோன் மாத்திரையைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம் தந்து, யோசித்துவிட்டு வரச் சொன்னார். அவள் யோசித்துக்கொண்டிருக்கையில், அடுத்த மேசை குசும் அவளை ஒரு சனிக்கிழமை கிளென்ஃபீல்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குசும் ஃபிஜி இந்தியப் பெண். மூத்த தலைமுறை தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். குசுமிடம் மிஞ்சியிருந்த தமிழ், சாமி பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும்தான். அவள் இங்கிலீஷில் பேசியதை நான் தமிழில் தருகிறேன்.

"எனக்கும் இதே கூத்துத்தான். லின் அம்மாவிடம் ஒரு தரம் கையைக் கொடுத்துப் பார்," என்றாள் குசும்.

சீன வைத்தியரான திருமதி லின் ஒரு சிறிய மருந்துக் கடையில் சுவர் நிறைய மர இழுப்பறைகளோடு இருந்தார். சாந்தகுமாரியின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். நாக்கை நீட்டச் சொன்னார். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, வேர்த்த பிறகு குளிர்கிறதா, கோபம் வருகிறதா, யார் மேல் என்று கேட்டார். பிறகு சிறு தராசில் நிறுத்து, சீவிய வேர்த் துண்டுகள், சுருங்கிய சிவப்புப் பழங்கள், ஏதோ ஒரு மரப்பட்டை எல்லாவற்றையும் பழுப்புக் காகிதத்தில் மடித்தார். குசுமுக்குக் கட்டிய பொட்டலத்தில் இருந்தவை வேறு.

"இரண்டு பேருக்கும் ஒரே வெக்கைதானே?" என்று சாந்தகுமாரி கேட்டாள்.

"வெக்கை ஒன்று. ஆட்கள் இரண்டு," என்றார் திருமதி லின். "ஐஸ் தண்ணீர் குடிக்காதே. இரண்டு கிழமையில் வா. இதைக் குடிப்பதை உன் டாக்டரிடமும் சொல். உதவாவிட்டால் உதவவில்லை என்று என்னிடம் சொல்."

வீட்டில் அவள் அதைக் காய்ச்சியபோது கணவன் கேதீஸ்வரன் குசினி வாசலில் வந்து நின்றான். வீடுகளுக்கு அலுமாரியும் கதவும் பொருத்துகிற வேலை அவனுக்கு. பசை, வார்னிஷ் நாற்றத்துக்குப் பழகிய மூக்கு.

"என்னப்பா, வீட்டுக்குள்ள ஆரோ கிடுகுவேலி எரிக்கிற மாதிரிக் கிடக்கு?"

"மருந்து. பேசாமல் போங்கோ."

பதினாலு நாளில், அந்த இரண்டு கிழமையில், நாளுக்கு எட்டு வெக்கை ஐந்தாயிற்று. விடியும்வரை நித்திரையும் வந்தது. மருந்தாலா, அல்லது ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் கேள்வி கேட்டதாலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சாந்தகுமாரிக்கும் தெரியாது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

இங்கேதான் அந்தப் பிழை நடந்தது.

ஜூன் மாதத்தில் ஆணையத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து எல்லோருக்கும் ஒரு படிவம் வந்தது. மாற்றப் பருவ நலக் கணக்கெடுப்பு, அதாவது மாதவிலக்கு நிற்கும் பருவத்தைப் பற்றியது. முப்பத்துநாலு அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, கீழே குறிப்புக்கு ஒரு பெரிய பெட்டி. விரும்பினால் நிரப்பலாம் என்று எழுதியிருந்தது. முன்னூறு பேரில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் விரும்பவில்லை.

சாந்தகுமாரியால் அப்படி இருக்க முடியாது. இந்த நாட்டுக்கு வர விசாப் படிவம் நிரப்பியபோது, குலசிங்கம் என்று ஒருவர் பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுத்தார். "பிள்ளை, ஒரு பெட்டியையும் வெறுமையா விடக்கூடாது. வெறும் பெட்டி எண்டால் நாங்கள் என்னவோ ஒளிக்கிறம் எண்டு அவை நினைப்பினம்," என்றார் அவர். அவர் படிவம் நிரப்பிக் கொடுத்த ஒரு குடும்பமும் திருப்பி அனுப்பப்படவில்லை. அன்றிலிருந்து சாந்தகுமாரி ஒரு பெட்டியையும் வெறுமையாக விட்டதில்லை. நூலகப் படிவத்தில் கோடுபோட்டு 'இல்லை' என்றாவது எழுதுவாள். எங்கள் ஆட்களில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். பயம் போன பிறகும் பழக்கம் போகாதவர்கள்.

ஆகவே முப்பத்துநாலு பெட்டியிலும் அடையாளமிட்டாள். காதில் இரைச்சல். நாக்கு எரிச்சல். பற்களில் மின்சாரம். காரணமற்ற அச்சம். இதில் கடைசி ஒன்று உண்மை. குறிப்புப் பெட்டியில், ஜன்னலைத் திறந்து வைக்க அனுமதி தந்தால் போதும் என்று எழுதினாள். பெட்டியில் இன்னும் இடம் இருந்தது. அதனால் திருமதி லின்னின் மருந்தைப் பற்றியும், ஐஸ் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று அவர் சொன்னதைப் பற்றியும் எழுதி இடத்தை நிரப்பினாள்.

மூன்றாம் நாள் மனிதவளப் பிரிவின் தலைவர் அரவிந்த் அவளைக் கூப்பிட்டார். சென்னைக்காரர், நாற்பது வயதுக்குள். எந்நேரமும் கோட்டுப் போட்டிருப்பார். தமிழில் பேசினால் அவளுக்கு மனம் இலகுவாகும் என்று எங்கோ பயிற்சியில் படித்திருந்தார்.

"மேடம், உங்க படிவத்தைப் பார்த்துட்டு நான் ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துட்டேன். முப்பத்துநாலுக்கு முப்பத்துநாலு! இந்தக் கட்டிடத்துல நூறு சதவீதம் பதில் சொன்ன ஒரே ஆள் நீங்கதான். அதாவது, பதில் வந்த பெண்கள்ல நூறு சதவீதம் பேருக்கு எல்லா அறிகுறியும் இருக்கு. மேல இடத்துக்கு இதைத்தான் எழுதியிருக்கேன்."

"எனக்கு ஜன்னல் மட்டும்தான்..." என்று தொடங்கினாள் சாந்தகுமாரி.

"ஜன்னலைப் பத்தித்தான் பேசப் போறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். உங்க உடம்பு உங்களோடது. அதுல எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. அது என்ன சொல்லுதுங்கிறது மட்டும்தான் எங்களோடது."

அவள் தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டினாள் என்பது அடுத்த திங்கட்கிழமை தெரிந்தது. ஆணையத்தில் நலப் பாதை என்ற திட்டம் தொடங்கியிருந்தது. கீழைநாட்டு மரபின் அடிப்படையில் அமைந்தது என்று சுவரொட்டி சொன்னது. அடிப்படை, சாந்தகுமாரி குறிப்புப் பெட்டியில் எழுதிய ஏழு வரிகள்தான்.

ஐஸ் கூடாது என்றால் குளிர் கூடாது; குளிர் கூடாது என்றால் குளிர்சாதனப் பெட்டி கூடாது. அதை எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு ஐந்தாம் மாடியின் வெப்பநிலையை இருபத்தாறு பாகையில் வைத்துப் பூட்டினார்கள். பிறகு ஒருவர் ஏணியோடு வந்து, ஜன்னல் சட்டத்தில் நாலு ஸ்குரூ இறுக்கிவிட்டுப் போனார். ஒவ்வொன்றும் இறுகும்போது சாந்தகுமாரி தன் மேசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மரியாதையானவர், போகும்போது மேசைத் தூசியையும் துடைத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் மருந்து கொடுக்கத் திருமதி லின்னையே அழைத்திருந்தார்கள். அவர் மூன்று பெண்களின் நாடியைப் பார்த்து மூன்று விதமான மருந்தைச் சொன்னார். நாலாவது பெண்ணுக்கு மருந்தே வேண்டாம், இந்த அறையைவிட்டு வெளியே போனால் போதும் என்றார். அரவிந்த் குறிப்பெடுத்துக்கொண்டார். மாலைக்குள் திருமதி லின்னின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. சீரான தரத்தைப் பேண அவரால் இயலவில்லை என்று அறிவிப்பு வந்தது. அடுத்த நாளிலிருந்து எல்லோருக்கும் ஒரே பொடி வந்தது, சாம்பல் நிறப் பொட்டலத்தில், 'தொகுதி பி' என்ற முத்திரையோடு. தொகுதி ஏ என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

காலை ஒன்பதே காலுக்கு எல்லோரும் கணினியின் கேமராவுக்கு நாக்கை நீட்ட வேண்டும். சாந்தகுமாரியின் நாக்கு மஞ்சளாக இருக்கிறது என்று அது சிவப்பு விளக்கைக் காட்டியது. முதல் நாள் இராத்திரிப் பருப்புக் கறியின் மஞ்சள் அது. அதைச் சொல்ல ஒரு பெட்டி இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக வெக்கைப் பதிவேடு வந்தது. திரையின் மூலையில் ஒரு பொத்தான். வெக்கை வந்தால் அழுத்த வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு வேர்ப்பதைக் கண்டாலும் அவர் பெயரில் அழுத்தலாம். அதற்கு அக்கறைப் பொத்தான் என்று பெயர். யார் அழுத்தினார்கள் என்று வெளியே தெரியாது.

சாந்தகுமாரிக்கு இது புதிது இல்லை. ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு நடக்கும்போது, முகத்தை மூடிய ஒருவனை வாகனத்தில் இருத்தி வரிசையாக ஆட்களை நடக்க விடுவார்கள். அவன் தலையை ஆட்டினால் ஆளைக் கொண்டுபோவார்கள். தலையாட்டி என்று அவனுக்குப் பெயர். இங்கே முகத்தை மூட வேண்டிய தேவைகூட இல்லை.

வெளியே பத்துப் பாகைக் குளிர். ஆட்கள் கம்பளிச் சட்டையோடு ரயிலில் வந்து இருபத்தாறு பாகைக்குள் நுழைந்தார்கள். எல்லோருக்கும் வேர்த்தது. வேர்த்தவர்களை எல்லாம் பதிவேடு பதிந்தது. பதிவானவர்களை எல்லாம் திட்டம் சேர்த்துக்கொண்டது. முதல் கிழமை பத்தொன்பது பெண்கள். இரண்டாம் கிழமை எண்பத்தாறு பேர், அதில் முப்பத்தொரு ஆண்கள். விதுஷன் என்று இருபத்தாறு வயதுப் பையன், தரவுப் பிரிவில் வேலை, அவனுக்கு மாதவிலக்கு நிற்பதன் இடைநிலைக் கட்டம் என்று சான்று வந்தது. அவன் அரவிந்திடம் போய்த் தான் ஆண் என்று சொன்னான்.

"அதை நாங்க மறுக்கலையே! ஆனா ஆண்ங்கிறதுக்காக உங்களை ஒதுக்கினா அது பாகுபாடு ஆயிடும். யாரையும் விட்டுடக்கூடாதுங்கிறதுதான் நம்ம கொள்கை. விட்டுட்டா எண்ணிக்கை குறைஞ்சிடும்," என்றார் அரவிந்த்.

விதுஷன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தான். சுவையைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

ஜூலையில் மூன்றாம் மாடியைத் திறந்தார்கள். முன்பு பழைய பதிவேடுகள் கிடந்த இடம். அதற்கு ஜன்னலே கிடையாது. இப்போது அதற்கு அமைதித் தளம் என்று பெயர். ஒரு கிழமையில் ஐம்பது வெக்கைக்கு மேல் பதிவானால் அங்கே மாற்றுவார்கள். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டவர்களுக்கு, தேவையான காலத்துக்கு என்று பதில் வந்தது.

முதலில் போனவள் குசும். அவள் பொடியைக் குடிக்க மறுத்து, கைக்குட்டையை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு இருந்தாள். அதை எத்தனை பேர் அக்கறையோடு பார்த்தார்களோ தெரியாது. ஒரு புதன்கிழமை சாந்தகுமாரி வேலைக்கு வந்தபோது பக்கத்து மேசையடியில் குசும் உட்காரும் கதிரை இல்லை. கோப்பை மட்டும் கழுவுதொட்டியில் கிடந்தது. அரைவாசி தேத்தண்ணி அதில் இருந்தது. குசுமின் கைபேசிக்கு அடித்துப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

மத்தியானம் குசுமிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'நான் இங்கே நலமாக இருக்கிறேன். சூடான பானங்கள் கிடைக்கின்றன. எல்லோரும் அக்கறையாக நடத்துகிறார்கள். நீங்களும் ஒத்துழையுங்கள்.'

குசும் வாழ்நாளில் இப்படி எழுதியவள் இல்லை. அவள் எழுதினால் நாலு கெட்ட வார்த்தையும் ஒரு சிரிப்பு முகமும் இருக்கும். சாந்தகுமாரி அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தாள். தடுப்பு முகாமிலிருந்து அவளுடைய அண்ணன் எழுதிய ஒரே கடிதமும் இப்படித்தான் இருந்தது. நலம், சாப்பாடு கிடைக்கிறது, நன்றாக நடத்துகிறார்கள். அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை. அவளுக்கு வேர்த்தது. இது வெக்கை இல்லை, பயம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் யாரோ எங்கிருந்தோ அவள் பெயரில் ஒரு வெக்கையைப் பதிந்தார்கள்.

படிக்கட்டால் இறங்கி மூன்றாம் மாடிக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. தட்டினாள். உள்ளே கதிரைகள் நகரும் சத்தம் கேட்டு, உடனே நின்றது.

அன்று பின்னேரம் வீட்டில் அவள் இதைச் சொன்னபோது, மகள் நிலானி கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள்.

"அம்மா, திஸ் இஸ் இன்சேன். ஜஸ்ட் சே நோ."

"நோ எண்டு சொல்ல அதிலை பெட்டி இருக்க வேணுமே," என்றாள் சாந்தகுமாரி.

கேதீஸ்வரன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான். "நீர் ஏனப்பா முப்பத்துநாலுக்கும் ஓம் எண்டு போட்டனீர்?"

"வெறுமையா விடக்கூடாது எண்டு..."

தன்னுடைய ஏழு வரியில் இருந்துதான் இதெல்லாம் முளைத்தது, குசுமைக் கொண்டுபோய் அந்த அறைக்குள் போட்டதும் தான்தான் என்று நினைத்தாள். கண்ணீர் வந்தது. கேதீஸ்வரன் சாப்பிடுவதை நிறுத்தினான். ஆறுதல் சொல்லத் தெரிந்த ஆள் இல்லை அவன்.

"உந்த ஜன்னலுக்கு அடிச்ச ஸ்குரூத் தலை பிளஸ்ஸோ மைனஸோ?" என்று கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்!" என்று எரிந்து விழுந்தாள் அவள்.

ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை அவளுக்கு நிறைவு மதிப்பீடு என்று அழைப்பு வந்தது. பின்னேரம் மூன்று மணிக்கு. ஆணையத்துக்கு ஏதோ விருது வரவிருந்தது. அதைப் பெற, முதன்முதலில் பதிவான ஆள் முதலில் குணமாகியிருக்க வேண்டும். ஜன்னலோர மேசையிலேயே வைத்துக்கொள்வோம், அவளுக்குப் பழகிய இடம் என்று அரவிந்த் இரக்கத்தோடு சொன்னார். கோட்டோடு வந்து உட்கார்ந்தார். கையில் ஆவி பறக்கும் தொகுதி பி ஒரு கோப்பை. முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று அவரும் நாளுக்கு மூன்று தரம் குடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாடியில திட்டம் தொடங்கினப்ப உங்க ஒருத்தருக்குத்தான் பிரச்சினை. இன்னைக்கு இருநூத்திப் பதினாலு பேருக்கு இருக்கு. அப்போ பாருங்க, எவ்வளவு பேர் மனசுக்குள்ளயே வெச்சிட்டு இருந்திருக்காங்க! நாங்க இல்லேன்னா இது வெளிய வந்திருக்குமா?"

"வந்திருக்காது," என்றாள் சாந்தகுமாரி உண்மையாகவே.

அவர் மகிழ்ந்துபோய்க் கைக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். ஒரே ஒரு கேள்விதான். உங்கள் அறிகுறிகள் நீங்கிவிட்டனவா? ஒரு பெட்டியில் 'ஆம்'. ஒரு பெட்டியில் 'இல்லை'. கீழே கையெழுத்துக்கு ஒரு பெட்டி.

"ஓம் எண்டால்?"

"வாழ்த்துகள்! உங்களுக்கு ஒரு சான்றிதழ். ஜன்னலும் இனிமே தேவையில்லை, அங்கயும் சுவர் வெச்சிடலாம்."

சாந்தகுமாரி ஸ்குரூக்களைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மழை சரிந்து பெய்துகொண்டிருந்தது. நெஞ்சிலிருந்து சூடு கிளம்பி மேலே ஏறியது. அவள் விரலை நீட்டி 'இல்லை'யைத் தொட்டாள்.

அரவிந்த் திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

"மேடம், அந்தப் பெட்டி பதில் சொல்றதுக்கு இல்ல. ஒரு பக்கம் மட்டும் பெட்டி இருந்தா படிவம் கோணலாத் தெரியுதுன்னு வடிவமைப்பாளர் சொன்னார். சமநிலைக்காக வெச்சது." அவர் அதை அழித்துவிட்டு மறுபடி நீட்டினார்.

அவள் மறுபடி 'இல்லை'யைத் தொட்டாள்.

"தம்பி, எனக்கு வேர்க்குது. உங்களுக்கும்தான் வேர்க்குது. இஞ்ச எல்லாருக்கும் வேர்க்குது. உந்த ஜன்னலைத் திறவுங்கோ, குசுமை மேல கூட்டிக்கொண்டு வாங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"எனக்கு வேர்க்கலை," என்றார் அரவிந்த். அழித்துவிட்டு, திரைக்கு மேலே நன்றாகக் குனிந்து, விரலால் வழிகாட்டினார். "இங்க பாருங்க, இந்தப் பெட்டி. நிர்வாகம் சொல்றதை ஒரு தடவை நம்பிப் பாருங்களேன். நம்பிக்கைதான் பாதி மருந்து. மீதிப் பாதி..."

அவர் மூக்கு நுனியிலிருந்து ஒரு துளி வேர்வை திரையில் விழுந்தது. சரியாக 'ஆம்' பெட்டியின் மேல். பெட்டி பச்சையாயிற்று. 'உங்கள் அறிகுறிகள் நீங்கியமைக்கு வாழ்த்துகள்' என்று எழுத்து வந்தது.

அரவிந்த் அந்தத் துளியைக் கோட்டுக் கையால் துடைத்தார். பச்சை போகவில்லை.

"பாத்தீங்களா, பதிவாயிடுச்சு," என்றார் மெதுவாக. "கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. அது இல்லாம இதை மூட முடியாது. நானும் எழுந்து போக முடியாது, மதிப்பீடு பாதியில இருக்கும்போது அதிகாரி இடத்தை விட்டுப் போகக்கூடாதுன்னு விதி."

"ஆர் எழுதின விதி?"

"நான்தான்."

சாந்தகுமாரி கையெழுத்துப் பெட்டியைப் பார்த்தாள். ஓர் அங்குல உயரம், வெள்ளை வெறுமை. குலசிங்கம் அண்ணையின் குரல் காதுக்குள் கேட்டது. பேனாவை எடுத்தாள். எடுத்ததை அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். கைப்பையையும் கோட்டையும் கழுத்துத் துணியையும் எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"மேடம். மேடம், ஒரு பெட்டி வெறுமையா இருக்கு!"

"ஓம். இருக்கட்டும்."

கீழே தெருவில் காற்று நேரே வந்து முகத்தில் அடித்தது. அவள் கோட்டைத் திறந்து, கழுத்துத் துணியை அவிழ்த்து, மழைக்குள் அப்படியே நின்றாள். ரயிலுக்குப் போகிறவர்கள் விலகிப் போனார்கள். சூடு இறங்கியது. நிமிர்ந்து பார்த்தாள். ஐந்தாம் மாடியில் அந்த ஒரு ஜன்னலில் அரவிந்த் தெரிந்தார். இடத்தை விட்டு நகராமல், உட்கார்ந்தபடியே எட்டி, கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். கோட்டைக் கழற்றியிருந்தார். இரண்டு கையாலும் தள்ளினார். அவருக்குப் பின்னால் வரிசையாகத் தலைகள் நிமிர்ந்திருந்தன. ஒவ்வொருவரின் கையும் அக்கறையோடு பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் மாடி இருக்கும் உயரத்தில் வெறும் சுவர்தான். அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கேதீஸ்வரனுக்குக் கைபேசியில் அடித்தாள்.

"இஞ்சேருங்கோ, வேலை முடிஞ்சால் ஸ்குரூ கழட்டிற ஆயுதப் பையோட நேரே இஞ்ச வாங்கோ. பிளஸ்தான். நான் கிட்டப் பார்த்தனான். நாலு."

"அவ்வளவுதானே? அஞ்சு நிமிச வேலை," என்றான் கேதீஸ்வரன்.

"அது ஜன்னலுக்கு. மூண்டாம் மாடியிலை ஒரு கதவு இருக்கு," என்றாள் சாந்தகுமாரி. "அதைப் பிறகும் போய்ப் பார்த்தனான். வெளிப்பக்கத்திலை ஸ்குரூ ஒண்டும் இல்லை. எல்லாம் உள்ளுக்கு இருக்கிற ஆக்களே இறுக்கி வைச்ச மாதிரிக் கிடக்கு."